புது டயர் இரண்டே மாதத்தில் புடைத்துவிட்டது, கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

புடைப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தரையில் உருளும் பட்டன் பகுதியிலா, பக்கவாட்டிலா? பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன.

மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றும் குட்டி யானை என்னுடையது, நானே ஓட்டுகிறேன். 2024-இல் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகுகள் கடலுக்குப் போனதும், ராமநாதபுரத்தில் ஒரு கடையில் முன்பக்கத்துக்கு இரண்டு டயர் போட்டேன். ஒன்று 3,600 ரூபாய். ஜிஎஸ்டி பில் வேண்டாமென்றால் இருநூறு குறைக்கிறேன் என்றார். சரியென்று துண்டுச் சீட்டோடு வந்துவிட்டேன். அந்த இருநூறு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

ஆகஸ்ட் கடைசியில் உச்சிப்புளி பக்கம் வரும்போது ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. பஞ்சர் கடை பாய் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைச் சுழற்றி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இடது டயரில் பட்டன் அடியோடு பிரிந்து மேலே எழும்பியிருந்தது. வலது டயரில் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

டயர் விற்ற கடைக்காரர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஐஸ் பெட்டிய அடுக்கி ஓவர்லோடு அடிச்சா டயர் என்ன தம்பி பண்ணும்?"

"பழைய சரக்கத் தள்ளிவிட்டது நீங்கதானே அண்ணே" என்று நானும் கத்தினேன். ஒரு வாரம் இப்படியே போனது. (சீலா மீன் வரத்து கூடுதலான நாளில் ஐஸோடு சேர்த்து 750 கிலோவைத் தாண்டி ஏற்றியிருக்கிறேன்தான். அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.)

பழைய சரக்கு என்று நான் சொன்னது வாய்க்கு வந்த பேச்சு. ஆனால் அது உண்மையாகவே இருந்தது. டயரின் பக்கவாட்டில் நீளமான எழுத்து வரிசை ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். என் இடது டயரில் 3021, அதாவது 2021-ஆம் ஆண்டின் 30-ஆவது வாரம். ஏறக்குறைய மூன்று வருடம் கிடந்த டயரைப் புதுசென்று வாங்கியிருக்கிறேன். பில் இல்லாவிட்டால் வாரண்டியைத் தயாரித்த வாரத்திலிருந்தே எண்ணிவிடுவார்கள் என்று பாய் சொன்னபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நல்லவேளையாகப் பணத்தை போனில் அனுப்பியிருந்தேன். தேதியும் தொகையும் கடையின் பெயரும் அதில் இருந்தன.

அதன்பிறகு கடையில் சத்தம் போடவில்லை. 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். கடைக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம்: டயர் எண்கள், பணம் அனுப்பிய தேதி, கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. டயரில் குறை இருக்கிறதா என்று முடிவு செய்வது கம்பெனி, கடைக்காரர் அல்ல. க்ளெய்ம் ஃபாரத்தை நிரப்பி அனுப்புவதுதான் அவர் வேலை.

"வாடகை வண்டிக்கெல்லாம் நுகர்வோர் சட்டம் கிடையாது" என்று அவர் ஒரு குண்டு போட்டார். அது தவறு. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரை 2019 சட்டம் நுகர்வோராகவே எடுத்துக்கொள்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். இதைச் சொன்னதும் ஃபாரம் வந்தது. விற்ற தேதியை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். டயரைக் கழற்றி அங்கே விடும்போது எண்ணோடு ரசீது கேட்டு வாங்கினேன். நீங்களும் கண்டிப்பாக வாங்குங்கள்.

கம்பெனி இன்ஜினியர் பக்கவாட்டு வீக்கத்தை ஒரே நிமிடத்தில் தள்ளிவிட்டார். உள்ளே நூல் அறுந்திருக்கிறது, பள்ளத்தில் இடித்த அடி என்று கிள்ளியது போன்ற தடத்தைக் காட்டினார். தங்கச்சிமடத்தில் ஒரு ராத்திரி டமாரென்று இறங்கியது எனக்கு ஞாபகம் வந்தது, பேசாமல் இருந்துகொண்டேன். பட்டன் பிரிந்ததைத் தயாரிப்புக் குறையென்று ஒத்துக்கொண்டார். அதற்கும் முழுப்பணம் கிடைக்காது, தேய்மானத்தைக் கழிப்பார்கள். புதிதில் பட்டன் பள்ளத்தின் ஆழம் 8 மில்லிமீட்டர், கடைசி 1.6 மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆக 6.4. நான் தேய்த்தது 1.6, அதாவது கால் பங்கு. 900 ரூபாய் கட்டிப் புது டயர் வாங்கினேன். இந்தமுறை நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொன்னேன், பில்லும் வாங்கினேன்.

தள்ளிவிட்ட வலது டயரைத் திருப்பித் தரச் சொல்லித் தூக்கிவந்தேன். இப்போது பாம்பனில் மச்சானின் படகு ஜெட்டியில் மோதாமல் இருக்க அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.