தொழில்துறை வடிவமைப்பு மாணவர் பழைய பொருள்களின் வரலாற்றை ஏன் ஆராய வேண்டும்?

ஆலையில் பெருமளவில் தயாராகும் பொருள் எப்படி இருக்க வேண்டும், கைக்கு எப்படி அமைய வேண்டும் என்று தீர்மானிப்பதே தொழில்துறை வடிவமைப்பு. அந்த வடிவத்தில் தொழில்நுட்பத்தின் பங்கு எது, நம் உடம்பின், பழக்கத்தின் பங்கு எது என்று பிரித்தறியத்தான் வரலாறு.

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தண்ணீர் பிடிக்கும் குடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் குடத்தைத் தட்டிச் செய்தார்கள்; பிளாஸ்டிக் குடத்தை அச்சுக்குள் காற்று ஊதிச் செய்கிறார்கள். அதைச் சதுரமாகக்கூடச் செய்யலாம். ஆனாலும் அதே உருண்டை வயிறு, அதே ஒடுங்கிய கழுத்து. தூக்கும் இடுப்பு மாறவில்லையே, தண்ணீரும் தளும்பக் கூடாதே! எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்குத் தந்த அறிக்கையில் நம் சொம்பை இப்படித்தான் அலசினார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக அது வழிவகுத்தது.

பழைய வீட்டில் சுவரை இடிக்கும் முன், உத்தரம் எதன்மேல் நிற்கிறது என்று கொத்தனார் பார்ப்பாரே, அதே வேலைதான் இந்த ஆராய்ச்சி.

பழையதைக் காப்பியடிக்கத்தான் இந்தப் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், எதைத் துணிந்து மாற்றலாம் என்பதும் இதில்தான் தெரியவரும்.