பேரை மாற்றுங்கள், கணக்கைக் கடினமாக்குங்கள்

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களும், வீட்டில் முதல் பட்டதாரியாக வருபவர்களும் முதல் செமஸ்டர் கணிதத்திலேயே அரியர் வைக்கிறார்கள். மாலையில் பின்தங்கியவர்களுக்கான ரெமீடியல் வகுப்பு வைத்தால் வருவதில்லை. என்ன செய்யலாம்?
– கணித ஆசிரியை, ஈரோடு

பதில்: ‘ரெமீடியல்’ என்று பெயர்ப்பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் எந்தப் பிள்ளை வரும்?

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் இதே சிக்கல். கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் (நுண்கணிதத்தில்) தோற்றார்கள். ஆர்வமில்லை, அடிப்படை போதாது என்றார்கள் ஆசிரியர்கள். அங்கே ஆய்வு மாணவராக இருந்த யூரி டிரைஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் வாரம் 8 மணி நேரம் உழைத்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்கள் அதோடு மாலையில் கூடி உட்கார்ந்து, ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தினார்கள். மொத்தம் 14 மணி நேரம் வரை. தனியாகப் படித்தவருக்குத் தன் தவறு விடைத்தாள் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

1978இல் தொடங்கிய அவரது பட்டறை, கெட்டிக்காரர்களுக்கான கூடுதல் பயிற்சி என்று சொல்லியே மாணவர்களை அழைத்தது. கணக்குகளும் கடினமானவை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். எல்லாப் பிரிவினரும் கலந்து 20 பேர், குழுவுக்கு 5 பேர். எந்தக் குழுவிலும் ஒரே ஒரு எஸ்.சி. மாணவர் தனித்து நிற்கக் கூடாது. வாரம் இரு நாள், 2 மணி நேரம், டைம் டேபிளுக்குள்ளேயே; கல்லூரி பஸ் கிளம்பிய பிறகு வைத்தால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

தாளில் 6 கணக்கு போதும். ‘வகையிடுக’ என்று மட்டும் கேட்கும் கணக்கு வேண்டாம். ‘ஒரு புள்ளியில் தொடர்ச்சி உண்டு, ஆனால் அங்கே வகையிட முடியாது, காரணம் வேறுவேறாக இரண்டு வளைவு வரைக’ என்று கேளுங்கள். மாடுலஸ் வளைவில் கூர்முனை, கனமூல வளைவில் செங்குத்துத் தொடுகோடு என்று சண்டை போட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள்.

கெடுவது எங்கே என்றால், வழிநடத்த வரும் சீனியர் சாக்பீஸை எடுத்ததும் அது இன்னொரு வகுப்பாகிவிடும். விடை சொல்லாமல் ‘இந்த வரி எப்படி வந்தது?’ என்று மட்டும் கேட்கப் பழக்குங்கள். அவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.

இன்னொன்று: துறையிலுள்ள ஒரே எஸ்.சி. ஆசிரியர் தலையில் இதைக் கட்டாதீர்கள். இப்படிச் சேரும் சுமைக்கு அமெரிக்க உளவியலாளர் அமாடோ படில்லா 1994இல் ‘பண்பாட்டு வரி’ என்று பெயர் வைத்தார். அவரே விரும்பி ஏற்றால், அந்த செமஸ்டரில் அவர் நடத்தும் பாடங்களில் ஒன்றைக் குறைத்து, அதை எழுத்தில் கொடுங்கள்.