விமானி அறைப் பலகையில் சிறு திரைகள்: முதலில் அளவு நாடா, பிறகு பணப்பை

செங்காங்கில் நாலறை வீவக வீட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "படுக்கையறை மூலையில் ஒட்டுப்பலகையால் செஸ்னா 172 விமானத்தின் கருவிப் பலகையைச் செய்துவருகிறேன். விமானம் ஓட்டுவதுபோலவே இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். வெளிக்காட்சிக்கு ஒரு பெரிய திரை இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டில் ஒரு எச்டிஎம்ஐ, மூன்று டிஸ்பிளேபோர்ட். வேகம், உயரம், வரைபடம் எல்லாவற்றையும் காட்டும் ஜி1000 மின்னணுக் கருவித் திரைகளுக்காக இரண்டு, துணைக் கருவிகளுக்காக ஒன்று என மூன்று 7 அங்குலத் திரைகள் வாங்க நினைக்கிறேன். யுஎஸ்பியில் இணைத்தால் போதுமா? கணினி தாங்குமா? தொடுதிரையாகவே வாங்கிவிடலாமா?"

7 அங்குலத் திரையை வாங்காதீர்கள். மற்ற கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருப்பதால் எல்லாரும் முதலில் கைவைப்பது அதில்தான். பலகையை அறுத்த பிறகுதான் சங்கடம் தெரியும்.

கார்மின் ஜி1000-இன் அசல் திரை 10.4 அங்குலம், 1024 × 768 புள்ளிகள், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. கடைகளில் கிடைக்கும் 7 அங்குலத் திரைகளில் பெரும்பாலானவை 1024 × 600 புள்ளிகள் கொண்ட அகலத் திரைகள். படம் தெரியும் பரப்பு ஏறக்குறைய 154 × 86 மி.மீ. அதற்குள் 4:3 படத்தை விகிதம் கெடாமல் வைத்தால், உயரம் 86 மி.மீ., அகலம் 114 மி.மீ. மட்டுமே. இரு பக்கமும் கறுப்புப் பட்டை. மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள், 5.6 அங்குலம்தான் வரும். 7 அங்குலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 5.6 அங்குலத்தைப் பார்க்கிறீர்கள். போதாக்குறைக்கு, 768 வரிசைப் புள்ளிகளை 600 வரிசையில் நெருக்குவதால் ஜி1000-இன் ஓரத்தில் வரும் சிறு எழுத்துகள், குறிப்பாக இயந்திர அளவுகளும் அலைவரிசை எண்களும், மங்கிக் கசங்கித் தெரியும். கறுப்புப் பட்டையைத் தவிர்க்கப் படத்தை இழுத்து நிரப்பினால் திசைகாட்டி முட்டை வடிவமாகிவிடும்.

4:3 விகிதத்தில் மூன்று அளவுகள் எளிதாகக் கிடைக்கின்றன. 8 அங்குலம், 1024 × 768: புள்ளிக்குப் புள்ளி பொருந்தும், எழுத்துக் கூர்மையாக இருக்கும், ஆனால் பரப்பு 163 × 122 மி.மீ. என்பதால் பலகை முழுவதையும் அசலில் முக்கால் அளவுக்குச் சுருக்கியாக வேண்டும். 10.4 அங்குலம்: அசல் அளவேதான்; தொழிற்சாலைக் கருவிகளுக்காகச் செய்யப்படுபவை. இந்த அளவில் 800 × 600 திரைகளும் ஏராளமாக விற்கப்படுவதால் விளம்பரத்தில் அங்குலத்தை விட்டுவிட்டுப் புள்ளி எண்ணிக்கையைப் படியுங்கள். மூன்றாவது 9.7 அங்குலம், பழைய ஐபேடில் இருந்த அதே வகை: 2048 × 1536. அதாவது ஜி1000-ஐப் போல ஒவ்வொரு பக்கமும் சரியாக இரு மடங்கு. பரப்பு 197 × 148 மி.மீ., அசலில் 93 விழுக்காடு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஐபிஎஸ் வகை என்பதால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. இது அலங்காரத்துக்காகச் சொல்வதல்ல. விமானி இருக்கை இடப்பக்கம், இரண்டாவது திரை வலப்பக்கம். அதை எப்போதும் சாய்வாகத்தான் பார்ப்பீர்கள். மலிவான டிஎன் வகைத் திரையில் அந்தக் கோணத்தில் நீலவானம் சாம்பலாகிவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டு 9.7 அங்குலத் திரைகளையே வாங்குவேன். இவை வெறும் திரைத் தகடாக வரும்; கூடவே ஒரு சிறு இணைப்பு போர்டு தேவை. திரையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மாதிரி எண்ணுக்கு உரிய போர்டுதானா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எளிய போர்டுகள் டிஸ்பிளேபோர்ட்டை மட்டுமே ஏற்கும். உங்கள் கார்டில் அது மூன்று இருப்பதால் கவலை இல்லை. பெரிய திரை எச்டிஎம்ஐயில் போகட்டும்.

இனி யுஎஸ்பி. இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அந்தத் திரையில் தெரியும் படத்தை வரைவது யார்? யுஎஸ்பி காட்சி அடாப்டர்களில் படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையில் பெரும்பகுதி கணினியின் மையச் செயலியின் தலையில் விழுகிறது. சிமுலேட்டரில் முதலில் மூச்சு வாங்குவதும் பெரும்பாலும் அதே செயலிதான். சரிபார்ப்புப் பட்டியல், வரைபடம் போன்ற அசையாத விஷயங்களுக்கு யுஎஸ்பி பரவாயில்லை. வளைந்து திரும்பும்போது அடிவானக் கோடு விக்கி விக்கி நகர்வதைப் பார்க்க விரும்பாதவர்கள் ஜி1000-ஐ கிராபிக்ஸ் கார்டிலேயே நேராக இணைக்க வேண்டும்.

"ஒரு ஸ்பிளிட்டர் வாங்கி ஒரு துளையை மூன்றாக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். சாதாரண எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் ஒரே படத்தைத்தான் மூன்று இடத்தில் காட்டும். வெவ்வேறு படம் வேண்டுமானால் டிஸ்பிளேபோர்ட்டுக்கான எம்எஸ்டி ஹப் வேண்டும். அதை மாட்டினாலும் கார்டின் உச்சவரம்பு மாறாது. வீட்டுக் கணினிகளுக்கான ஜிஃபோர்ஸ் கார்டுகள் பொதுவாக ஒரே நேரத்தில் 4 திரைகள் வரைதான் இயக்கும்.

கணினி தாங்குமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒரு காசு செலவில்லாமல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். நண்பரிடமிருந்து ஏதாவது ஒரு பழைய திரையை இரவல் வாங்கி இணையுங்கள். சிமுலேட்டரில் வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜி1000 திரைமீது சொடுக்கினால் அது தனிச் சாளரமாகக் கழன்று வரும். இரண்டையும் கழற்றி இரவல் திரையில் வையுங்கள். அமைப்புகளில் டெவலப்பர் முறையை இயக்கி, அதில் ஃபிரேம் எண்ணிக்கையைக் காட்டும் தேர்வையும் போட்டால், வினாடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதோடு தடை செயலியிலா கிராபிக்ஸ் கார்டிலா என்பதையும் காட்டும். சாங்கியின்மீது, நெரிசல் மிகுந்த நேரத்தில், மழை மேகத்தோடு சோதியுங்கள்; நடுக்கடலில் சோதித்தால் எல்லாக் கணினியும் நல்ல கணினிதான். ஃபிரேம் சரிந்தால் அமைப்புகளில் ஜி1000 போன்ற கண்ணாடிக் கருவித் திரைகளின் (கிளாஸ் காக்பிட்) புதுப்பிப்பு வேகம் என்று தனியே ஒன்று இருக்கிறது. அதை நடுத்தரத்துக்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் பலகைத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் செயலியை மாற்றுவதுதான் வழி.

கழற்றிய சாளரங்களை ஒவ்வொரு பறப்புக்கும் இழுத்து வைப்பது இரண்டாம் நாளே சலித்துவிடும். பாப் அவுட் பேனல் மேனேஜர் என்ற இலவச மென்பொருள், அவற்றைத் தானே கழற்றி, தலைப்புப் பட்டையை மறைத்து, உரிய இடத்தில் வைத்துவிடும். அதோடு விண்டோஸில் எல்லாச் சிறு திரைகளுக்கும் எழுத்து அளவை 100 விழுக்காட்டில் வையுங்கள். 2048 × 1536 திரையைக் கண்டதும் விண்டோஸ் தானாகவே பெரிதாக்கி, சாளர இடங்களைக் குழப்பிவிடும். மலிவான போர்டுகள் எல்லாம் கணினியிடம் ஒரே அடையாளத்தைச் சொல்வதால், கேபிள்களை மாற்றிச் செருகினால் இடத்திரை வலத்திலும் வலத்திரை இடத்திலும் வந்துவிடும். எது எந்தத் துளை என்று கேபிளிலேயே சீட்டு ஒட்டுங்கள்.

மூன்றாவது திரைக்கு வேறு வழி சொல்கிறேன். ஜி1000 பொருத்திய செஸ்னா 172-இல் துணைக் கருவிகள் மூன்று: வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி. வட்டமான, ஊசி வைத்த பழைய பாணிக் கருவிகள். இவற்றுக்குச் சிமுலேட்டரிலிருந்து படமே தேவையில்லை. வேகம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று சில எண்கள் வந்தால் போதும். ஊசியை வேறொரு சிறு கணினி வரைந்துகொள்ளும். ஏர் மேனேஜர் என்ற கட்டண மென்பொருள் இதைத்தான் செய்கிறது. சோதனைப் பதிப்பு உண்டு. சிமுலேட்டர் இருக்கும் கணினியில் ஒன்றும் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் ஒன்றுமாக ஓடவிட்டு, இரண்டையும் வீட்டு ரூட்டரில் கேபிளால் இணைத்துவிட்டால் உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு இந்த மூன்று கருவிகள் இருப்பதே தெரியாது. ராஸ்பெர்ரி பை 4-இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. கடையில் அவசரத்தில் மினி எச்டிஎம்ஐ கேபிளை எடுத்துவந்துவிடாதீர்கள்.

அந்த மூன்று கருவிகளுக்கும் மூன்று திரை வேண்டாம். 7.9 அங்குலத்தில் 1280 × 400 புள்ளிகள் கொண்ட பட்டைத் திரை ஒன்று கிடைக்கிறது. பரப்பு ஏறக்குறைய 191 × 60 மி.மீ. விமானக் கருவித் துளைகளின் வழக்கமான இரு அளவுகளில் சிறியது 2¼ அங்குலம், அதாவது 57 மி.மீ. மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் 171 மி.மீ.; இடைவெளிக்கு 20 மி.மீ. மிஞ்சும். பலகையில் மூன்று வட்டத் துளைகள், பின்னால் ஒரே திரை. முன்னால் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மூன்று தனிக் கருவிகள். இந்தத் திரைகள் இயல்பில் நெட்டுக்குத்தானவை. காட்சியை 90 பாகை திருப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

திரை மின்னுகிறது, நடுவில் அணைந்து அணைந்து எரிகிறது என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் திரை அல்ல, மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை முறைப்படி தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 தருவது 900. சிறு திரை ஒன்று 1 ஆம்பியர்வரை கேட்கலாம். சரி என்று தனி அடாப்டர் வைத்தாலும் கம்பி காலை வாரும். மெல்லிய யுஎஸ்பி கேபிள்களில் இருக்கும் 28 எண் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். 2 மீட்டர் கேபிள் என்றால் போக வர 4 மீட்டர். 1 ஆம்பியர் ஓடும்போது 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 5 வோல்ட் கிளம்பி 4.15 வோல்ட் வந்து சேரும். பின்னொளி துடிக்காமல் என்ன செய்யும்? அதைவிடத் தடித்த 20 எண் கம்பியில் அதே இழப்பு 0.13 வோல்ட்தான். சிம் லிம் டவரில் மின்னணு உதிரிபாகம் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

அடாப்டரை மட்டும் இங்கேயே வாங்குங்கள். சிங்கப்பூரில் விற்கப்படும் ஏசி அடாப்டர்களில் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து திரையோடு இலவசமாக வரும் அடாப்டரில் அது இருக்காது. மரப்பலகைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மணிக்கணக்கில் எரியப்போகும் பொருள் அது. இன்னொன்று: 5 வோல்ட் போர்டுக்கும் 12 வோல்ட் போர்டுக்கும் பிளக் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் செருகினால் போர்டு அந்தக் கணமே போய்விடும். சிவப்பு நாடா, நீல நாடா ஒட்டிப் பிரித்துவையுங்கள். விலை ஒப்பிடும்போது, 2023 முதல் வெளிநாட்டு இணையக் கொள்முதலில் 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு என்பதை நினைவில் வையுங்கள். இப்போது அது 9 விழுக்காடு.

பொருத்தும்போது பலகைத் துளையைப் படப் பரப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. சிறிதாக வெட்டுங்கள், திரையின் கறுப்பு விளிம்பு மறைந்துவிடும். தகட்டைப் பசைபோட்டு ஒட்டவே கூடாது. பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டை வைத்து, நான்கு மூலைகளில் சிறு தாங்கிகளால் மெதுவாகப் பிடித்தால் போதும். திருகை இறுக்கினால் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழும், அது மறையாது. தாங்கிகளைத் தேசிய நூலக வாரியத்தின் மேக்ஐடி கூடங்களில் உள்ள முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்துகொள்ளலாம். எந்த நூலகத்தில் எப்போது என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பலகைக்குப் பின்னால் குறைந்தது 40 மி.மீ. இடம் விடுங்கள். திரை தடிமன் சில மில்லிமீட்டர்தான். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கேபிள் தலைதான் இடத்தைத் தின்னும். மேலும் கீழும் காற்றுத் துளை வேண்டும். குளிர்சாதனம் போடாத பிற்பகலில் நம் ஊர்ப் படுக்கையறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொடுதிரை வேண்டாம். அசல் ஜி1000 தொடுதிரை அல்ல. பொத்தான்களும் இரட்டைக் குமிழ்களும் கொண்டது. தொடுதிரைக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் பொத்தான், குமிழ்களைக் கணினியோடு இணைக்க உதவும் ஒரு ஆர்டுயினோ மெகா போர்டும் இரட்டைத் தண்டுக் குமிழ்களும் வாங்குங்கள். மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருள் அவற்றைச் சிமுலேட்டரோடு இணைத்துவிடும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. குமிழ்களுக்கான துளைகளைத் திரைத் துளை வெட்டும் அன்றைக்கே போட்டுவிடுங்கள், திரை ஏறிய பலகையில் துளைக்கருவியை வைக்க நேர்ந்தால் மரத்தூள் முழுவதும் தகட்டின் இடுக்கில்தான் போய் உட்காரும்.