வாகனக் கேள்வி பதில்: பின்பக்கம் தாழ்ந்துவிட்ட பழைய வண்டி

கேள்வி: ஐயா, 2009இல் வாங்கிய டாடா சஃபாரி 2.2 டைகோர் வண்டி என்னிடம் இருக்கிறது. இதுவரை 1,85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2024இல் பதிவுச் சான்றிதழை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டேன். ஆகவே வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. ஓராண்டாகப் பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. குடும்பத்தோடு ஏழு பேர் கொடைக்கானல் மலைப்பாதையில் போகும்போது சிறு பள்ளத்தில்கூடப் பின்னால் ‘டம்’ என்று இடிக்கிறது. இரவில் எதிரே வருபவர்கள், என் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று தங்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டுகிறார்கள். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையில் ரப்பர் பஃபர் வைத்தால் போதும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். இன்னொருவர், பழைய ஸ்பிரிங்கையே சூடுகாட்டி இழுத்துத் தருவதாகச் சொல்கிறார். புதிதாக மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினால் எவற்றைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: அந்த இரண்டு யோசனைகளையும் ஏற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் புதிய ஸ்பிரிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் செலவிடுங்கள். வண்டியைச் சமதரையில், ஆளும் சுமையும் இல்லாமல், நான்கு டயர்களிலும் சரியான காற்றோடு நிறுத்தி, முன்னும் பின்னும் சற்று உருட்டிவிட்டுப் பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள். பிறகு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் அதில் கலந்துவிடும். கிடைத்த அளவைச் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கையேடு கிடைக்காவிட்டால் ஸ்பிரிங் மாற்றப்பட்ட இதே மாதிரி வண்டி ஒன்றோடு ஒப்பிடலாம். இடத்துக்கும் வலத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபாடு தெரிந்தால், ஒரு பக்கத்து ஸ்பிரிங் எங்கோ முறிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து ஒவ்வொரு சுற்றாகப் பார்ப்பேன். பின் அச்சை உள்ளடக்கிய உலோகக் கூடான ஹவுசிங்குக்கு மேலே, அது மேலெழுந்து இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரையும் பாருங்கள். அதன் முனை பளபளவென்று தேய்ந்தோ கிழிந்தோ இருந்தால், நீங்கள் கேட்ட ‘டம்’ ஓசை அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது அதன் விறைப்பு குறைந்துவிட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எஃகின் மீள்தன்மை ஆண்டுகள் போவதால் அனேகமாக மாறுவதில்லை. இடைவிடாத சுமையாலும் பல லட்சம் அசைவுகளாலும் ஸ்பிரிங்கின் இயல்பான நீளம் சிறிது சிறிதாகக் குறைந்து, குறைந்த நிலையிலேயே நிலைத்துவிடுகிறது. நீளம் குறைந்தால் வண்டி தாழ்கிறது. வண்டி தாழ்ந்தால், பள்ளத்தில் சக்கரம் மேலெழ வேண்டிய இடைவெளி சுருங்கிவிடுகிறது. பதினைந்து ஆண்டு உழைத்த எந்த வண்டிக்கும் இது நேரும். அதிலும் கூரையில் கேரியரும் மூன்றாம் வரிசையில் ஆட்களுமாக அடிக்கடி பயணம் செய்த வண்டிக்குச் சற்று முன்னதாகவே நேரும்.

விளக்கு கூசுவதாக எதிரே வருபவர்கள் குறைப்படுவதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 2,650 மி.மீ. பின்பக்கம் 40 மி.மீ. மட்டும் தாழ்ந்திருந்தால்கூட, 50 மீட்டர் தொலைவில் விளக்கின் ஒளி ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயர்ந்து விழும். அது எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் நேராகப் படும் உயரம். மலைப்பாதையில் இரவுப் பயணம் செய்பவர் என்பதால், இதை வசதிக்குறைவாக அல்லாமல் ஆபத்தாகவே கருதுங்கள்.

இனி ரப்பர் பஃபருக்கு வருவோம். அது இரண்டு சுற்றுகளுக்கு நடுவே இறுகி உட்கார்ந்து, ஒரு சுற்றை ஏறக்குறைய இயங்காமல் செய்துவிடுகிறது. வண்டி சற்று உயர்வதற்கு அதுவே காரணம். எட்டுச் சுற்றுகள் இயங்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று முடங்கினால் விறைப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடிவிடும். அதே பள்ளத்தில் இறங்கும்போது மீதமுள்ள ஏழு சுற்றுகளும் முன்னைவிட அதிக முறுக்கத்தைத் தாங்க வேண்டும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ரப்பருக்கும் கம்பிக்கும் இடையில் மணலும் ஈரமும் தங்கி, அசையும் போதெல்லாம் பெயிண்டை அரைத்து எடுத்துவிடும். அந்த இடத்தில் துரு பிடிக்கும். துருக்குழியிலிருந்து வெடிப்பு தொடங்கும். ஏற்கெனவே களைத்த ஸ்பிரிங்குக்கு இது சிகிச்சை ஆகாது.

சூடுகாட்டி இழுப்பது இன்னும் மோசம். இவ்வகை ஸ்பிரிங்குகள் சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம் போன்றவை கலந்த எஃகால் செய்யப்படுகின்றன. அந்த எஃகை 850 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, எண்ணெயில் அமிழ்த்தி, மீண்டும் 400 முதல் 500 டிகிரியில் பதப்படுத்துகிறார்கள். பிறகு நுண்ணிய எஃகு மணிகளை வேகமாக மோதவிட்டு மேற்பரப்பை இறுக்குகிறார்கள். வெடிப்பு எளிதில் தொடங்காமல் காப்பது இந்தக் கடைசி வேலைதான். உலையில் சிவக்கவைத்து இழுத்த மறுகணம் இவ்வளவும் போய்விடும். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்து அரிவாள் செய்யும் கொல்லர்களின் கைத்திறனை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அரிவாளின் வாய்க்குத் தரும் தோய்ச்சல் வேறு, பல சுற்றுகள் கொண்ட கம்பி முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டிய பதம் வேறு. அப்படி இழுத்த ஸ்பிரிங் சில வாரங்களில் மீண்டும் தாழும், அல்லது முறியும்.

ஆகவே புதிய ஸ்பிரிங்குகளையே வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையெனில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். கடையில் ‘சஃபாரி பின் ஸ்பிரிங்’ என்று மட்டும் கேட்காதீர்கள். 2012இல் வந்த சஃபாரி ஸ்டார்ம் உங்களுடையதிலிருந்து வேறு மாதிரி. 2021இல் அதே பெயரில் வந்தது தனி சேஸிஸே இல்லாத, முற்றிலும் வேறான வண்டி. எனவே சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை உறுதிசெய்து வாங்குங்கள். கம்பியின் மேல் காணும் வண்ணக்கோடு அலங்காரம் அன்று. அது ஸ்பிரிங்கின் வகையைக் குறிப்பது. இரண்டிலும் ஒரே வண்ணம் இருக்கிறதா, அல்லது இடம் வலம் என்று தனித்தனிப் பாக எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் மேலும் கீழும் அமரும் ரப்பர் பேடுகளையும், பம்ப் ஸ்டாப்பையும் உடன் வாங்கிவிடுங்கள். பழைய பேடு நைந்திருந்தால் அதனாலேயே சில மில்லிமீட்டர் உயரம் குறையும்.

உங்கள் வண்டியின் பின்புறம், ஐந்து இணைப்புத் தண்டுகள் தாங்கும் முழு ஹவுசிங் அமைப்பு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியே இருப்பதால், ஹவுசிங்கை இறக்கினாலே பொதுவாக ஸ்பிரிங் வெளியே வந்துவிடும். அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி தேவைப்படாது. இருப்பினும் இங்கே ஒரு பெரிய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரங்களை மட்டும் எஞ்சின் இயக்கும் (டூ வீல் டிரைவ்) வண்டியில் கியரும் பின்சக்கரங்களோடுதான் இணைந்திருக்கிறது. இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கிய கணத்தில் இந்த இரண்டு பிடிப்புகளும் பயனற்றுப் போகும். எனவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் உறுதியான கட்டை வைத்து, சேஸிஸின் இருபுறமும் ஜாக்கி ஸ்டாண்டு நிறுத்தி, அவற்றின் மேல் வண்டி அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகே யாரும் அடியில் போகலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கும் பழக்கத்தை உங்கள் மெக்கானிக்கிடம் கண்டால், தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

ஹவுசிங்கை டிராலி ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டுகளையும், வளைவுகளில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரின் இணைப்புகளையும் கழற்றி, மெல்ல இறக்க வேண்டும். இறக்கும்போது ஒருவர் பிரேக் ஹோஸையே (பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாய்) பார்த்துக்கொண்டிருப்பது நல்லது; ஹவுசிங்கின் எடை அந்த ஹோஸில் தொங்கினால் உள்ளே கிழிந்துவிடும், வெளியே தெரியாது. ஸ்பிரிங்கை எடுத்த பின் அதன் இருக்கையில் இறுகிக் கிடக்கும் மண்ணையும் துருவையும் சுரண்டி, பெயிண்ட் அடித்துக் காயவிடச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலைக்குத்தான் பட்டறைகளில் பொறுமை இருப்பதில்லை. புதிய ஸ்பிரிங்கைப் போடும்போது கம்பியின் நுனி, இருக்கையில் அதற்கென இருக்கும் படியில் சரியாக முட்டி நிற்க வேண்டும்.

எந்த இணைப்புத் தண்டின் போல்ட்டைத் தளர்த்தியிருந்தாலும், அதன் கடைசி முறுக்கைச் சக்கரம் தொங்கும் நிலையில் கொடுக்கக் கூடாது. தண்டின் முனையில் இருக்கும் புஷ்ஷில் உள்ள ரப்பர் உலோகக் குழலோடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழிந்துவிடும். வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இறங்கிய பிறகே முறுக்க வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் உயரத்தை அளந்து, பிறகு விளக்கின் கோணத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்குச் செல்லும் சிறு நெம்புகோலோடு, சுமையை அறிந்து பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் தாழ்ந்திருந்த காலமெல்லாம் அந்த வால்வு வண்டியில் பெருஞ்சுமை இருப்பதாக எண்ணிப் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுத்திருக்கும். மழைநாளில் காலி வண்டியின் பின்சக்கரம் வழுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். யாரேனும் இடையில் அந்த நெம்புகோலை வளைத்திருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: பின்பக்கம் தாழ்ந்ததால் இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினேன். உயரம் மாறவே இல்லை. பொருள் போலியா?
(வாசகர், மதுரை)

பதில்: உயரம் மாறாததை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட முடியாது. வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். வாயு நிரப்பியவை மிகச் சிறிதளவு தூக்குமே தவிர, தாழ்ந்த வண்டியை நிமிர்த்தா.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையை ஒட்டியது. 2007ஆம் ஆண்டு ஸ்கார்ப்பியோவின் பின்புறக் காயில் ஸ்பிரிங்கில் கீழ்ச்சுற்று செதில் செதிலாகத் துருப்பிடித்திருக்கிறது. வண்டி தாழவில்லை. பெயிண்ட் அடித்து ஓட்டலாமா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: மேற்பரப்பில் படிந்த செந்துரு மட்டும் என்றால் சுத்தம்செய்து பெயிண்ட் அடிக்கலாம். செதிலாக உரிகிறது என்றால் கம்பியின் பருமன் குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள், அங்கே பெயிண்ட் உதவாது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி முழுவதும் விட்டம் 5 சதவீதம் குறைந்தால் விறைப்பு 18 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். உங்களுக்குத் துரு ஒரு சுற்றில்தான் என்பதால் வண்டி தாழவில்லை. ஆயினும் முறுக்கத்தின் முழுத் தாக்கமும் கம்பியின் மேற்பரப்பில்தான் மிகுதியாக இருக்கிறது. துருக்குழிகள் இருப்பதும் அங்கேயே. கீழ்ச்சுற்று முன்னறிவிப்பின்றி முறியும், முறிந்த கூர்நுனி டயர்ப் பக்கமாக நகர்ந்தால் நெடுஞ்சாலையில் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டையும் மாற்றிவிடுங்கள். புதியவற்றைப் போட்ட பின் மாதம் ஒரு முறையாவது ஸ்பிரிங் இருக்கையில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி உப்பையும் மணலையும் கழுவிவிடுங்கள்.

கேள்வி: எப்படியும் ஸ்பிரிங் மாற்றப்போகிறேன். சுமை ஏற்றுவதற்கு வசதியாக ஒன்றரை அங்குலம் உயரமான, விறைப்பான ஸ்பிரிங் போடலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நாள்தோறும் சுமை ஏற்றுபவராக இருந்தால் யோசிக்கலாம், ஆண்டுக்கு நான்கு முறை சுற்றுலாவுக்காக என்றால் வேண்டாம். விறைப்பான ஸ்பிரிங் திரும்ப எழும் வேகத்தைப் பழைய ஷாக் அப்சார்பரால் அடக்க முடியாது. காலி வண்டி குதிக்கும். உயரம் கூடினால், எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் பிரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறும். ஹவுசிங்கைக் குறுக்கே பிடிக்கும் தண்டு உள்ள வண்டிகளில் ஹவுசிங் சற்று ஒரு பக்கமாக நகரும். முடிவெடுக்கும் முன், நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சுமையோடும் வண்டியை ஓர் எடைமேடைக்குக் கொண்டுபோய், பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். அது பின் அச்சுக்குக் கம்பெனி அனுமதித்த எடைக்குள் இருந்தால், கம்பெனி அளவிலேயே செய்த புதிய ஸ்பிரிங் அந்தச் சுமையைத் தாராளமாகத் தாங்கும்.