நெல்லையில் நண்பர் கூடல்: வாசகர் கேள்வி, நம் பதில்

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பழகியவர்கள் ரயிலேறி வந்து திருநெல்வேலியில் ஒருநாள் கூடுவது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சில, இந்த இதழில்.

கேள்வி: மாடித்தோட்டக் குழுவில் நாங்கள் பதினாலு பேர். சென்னை, கோவை, பெங்களூரு, மதுரை என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் கூடலாம் என்று எண்ணம். எத்தனை மணிக்கு வைத்தால் எல்லோருக்கும் தோதுப்படும்?
— வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். ஞாயிறு இரவு சென்னைக்குக் கிளம்பும் ரயில்களில்தான் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் வேலைக்குத் திரும்புகிறார்கள். அந்த இரவுக்குப் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. சனிக்கிழமை கூடுங்கள். வெள்ளி இரவு ஏறி, சனி இரவே திரும்பிவிடலாம். வெள்ளி இரவு நெல்லைக்கு வரும் ரயிலும் நெரிசல்தான், ஆனால் இரண்டு பக்கமும் நெரிசலில் மாட்டுவதற்கு ஒரு பக்கம் தேவலை.

முன்பதிவு பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பர் 1-க்கு முன்பு 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் இருப்பவர்கள் இன்னும் உண்டு. வெள்ளி இரவு டிக்கெட் திறந்த மறுநாள் காலைதான் சனி இரவு டிக்கெட் திறக்கும். ஆகவே போவதற்கு மட்டும் எடுத்துவிட்டுக் குழுவில் கைதட்டாதீர்கள். திரும்பும் டிக்கெட்டும் கையில் வந்த பிறகே தேதியை உறுதி செய்யுங்கள். இதற்குத் தேதியைக் குறைந்தது 75 நாள் முன்பே பேசி முடிக்க வேண்டும். ரயில் முன்பதிவு இணையக் கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்துச் சரிபார்த்து வையுங்கள். திறக்கும் காலையில் அதைச் செய்ய உட்கார்ந்தால் இடம் போய்விடும்.

இனி ரயில். சென்னைக்காரர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்தான் முதல் தேர்வு. காரணம் பெயர் இல்லை: அது திருநெல்வேலியோடு நின்றுவிடும். அசந்து தூங்கினாலும் யாராவது எழுப்பி இறக்கிவிடுவார்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே நெல்லையைத் தாண்டி தெற்கே போகிற வண்டி; கண் அயர்ந்தால் வள்ளியூரிலோ நாகர்கோவிலிலோதான் விழிப்பீர்கள். அதில் வருபவர் 139-இல் இறங்குமிட எழுப்பல் அழைப்பைப் பதிந்துகொள்ளட்டும். கோவை – நாகர்கோவில் இரவு ரயிலும் நெல்லையை இருட்டில்தான் கடக்கும். பெங்களூருக்காரர்களுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்குக் கவலையே வேண்டாம், அன்று காலை கிளம்பினால் போதும்.

இரவுப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர் வந்தே பாரத்தில் வரலாம். 2023 செப்டம்பர் 24-இல் தொடங்கியது. சென்னையில் பிற்பகல் கிளம்பி இரவு வெகுநேரம் கழித்து நெல்லை சேரும். உட்காரும் இருக்கை மட்டும்தான், அன்றிரவு தங்க அறையும் வேண்டும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் யாராவது இருந்தால் அவர்களுக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ்: அது தஞ்சாவூர் வழியாகச் சுற்றி வருகிற வண்டி. சென்னையிலிருந்து வருபவர் அதில் ஏறினால் நேரம் வீண்.

இப்போது நேரம். சந்திப்பைக் காலை 10.30-க்கு வையுங்கள். இருட்டில் இறங்கியவருக்குத் தூக்கமும் குளியலும் வேண்டும், ஏழு மணிக்கு இறங்குபவருக்குக் குளியலும் இட்லியும் வேண்டும், வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தாலும் தாங்க வேண்டும். ஒன்பது மணி என்று அறிவித்தால் பாதிப்பேர் ஈரத்தலையோடு ஆட்டோவில் இருந்துகொண்டு 'இதோ வந்துட்டேன்' என்பார்கள்.

மாலையைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்புவது இரவு எட்டு மணியை ஒட்டி. டவுனில், அதாவது நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பகுதியில் இருந்தால் ஆறே முக்காலுக்குள் கிளம்பிவிட வேண்டும். ரதவீதியும் எஸ்.என். ஹைரோடும் சனிக்கிழமை மாலையில் எப்படி இருக்கும் என்று நெல்லைக்காரரைக் கேளுங்கள். நெல்லையப்பர் கோயில் மதியம் நடை சாத்திவிட்டு மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். ஆகவே 10.30 முதல் 3.30 வரை பேச்சும் சாப்பாடும், நாலரைக்குக் கோயில், ஐந்தரைக்கு அல்வா, பிறகு நேரே ஸ்டேஷன்.

நள்ளிரவுக்குப் பிறகு வண்டி ஏறுபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஞாயிறு அதிகாலை 1 மணி வண்டி என்றால் ஸ்டேஷனில் இருக்க வேண்டியது சனி இரவு. டிக்கெட்டில் ஞாயிறு என்று பார்த்துவிட்டு ஞாயிறு இரவு வந்து நிற்பது வருடாவருடம் நடக்கிற கூத்து. தட்கல், அதாவது பயணத்துக்கு முந்தின நாள் திறக்கும் அவசர முன்பதிவு எடுப்பவரும் இதைக் கவனிக்கணும்: முந்தின நாள் என்ற கணக்கு நீங்கள் ஏறும் ஊரின் தேதிக்கு இல்லை, வண்டி முதலில் கிளம்பும் ஊரின் தேதிக்கு.

கேள்வி: போன தடவை எங்கள் குழுவில் ஒருவர் வேறு ஸ்டேஷனில் இறங்கி நின்றார். நெல்லையில் எத்தனை ஸ்டேஷன் இருக்கிறது?
— வாசகர், சேலம்

பதில்: பெரிய வண்டிகள் நிற்கும் திருநெல்வேலி சந்திப்பு (ஜங்ஷன்) ஒன்று. தென்காசி, செங்கோட்டைப் பாதையில் திருநெல்வேலி டவுன். திருச்செந்தூர்ப் பாதையில் பாளையங்கோட்டை. நாகர்கோவில் பாதையில் மேலப்பாளையம். குழுவில் 'ஜங்ஷன்' என்று மட்டும் எழுதுங்கள். 'நெல்லை ஸ்டேஷன்' என்று எழுதினால் ஆளுக்கு ஒன்றாகப் புரிந்துகொள்வார்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் நெல்லைக்கே வராது, ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை போகும். முத்துநகர் எக்ஸ்பிரஸ் வாஞ்சி மணியாச்சியில் திரும்பித் தூத்துக்குடி போய்விடும். அதில் இடம் கிடைத்து மணியாச்சியில் இறங்கினால் நெல்லைக்கு இன்னும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் இருக்கிறது.

சென்னை எழும்பூர் நிலையச் சீரமைப்பு வேலையால் சில தென்மாவட்ட ரயில்களைத் தாம்பரத்திலிருந்து இயக்குவதாக அவ்வப்போது அறிவிப்பு வருகிறது. கிளம்பும் நாளன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பேருந்தில் வருபவருக்கும் இதே சிக்கல். ஜங்ஷன் பக்கத்தில் இருப்பது பெரியார் பேருந்து நிலையம். வெளியூர்ப் பேருந்துகள் வருவது வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம், அது பாளையங்கோட்டையையும் தாண்டி.

கேள்வி: அண்ணாச்சி, குழுவுல ஊர்க்காரன் நான் ஒருத்தன்தான். எல்லாரையும் ஸ்டேஷன்ல போயி நானே கூட்டிட்டு வரணும்னு சொல்லுதாவ. மண்டபமும் சாப்பாடும் என் தலையிலதான் விழுது. எப்படிச் சமாளிக்க?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஸ்டேஷனுக்குப் போகவே போகாதீக. நாலு வண்டி, நாலு நேரம். அதிகாலை மூணு மணிலேர்ந்து பிளாட்பாரத்துல நிக்கணும். சந்திக்கும் இடத்தின் இருப்பிடக் குறியை அனுப்பிவிட்டு, ஜங்ஷனிலிருந்து நகரப் பேருந்தா ஆட்டோவா, இறங்கி எந்தப் பக்கம் நடக்கணும் என்று மூன்று வரியில் எழுதிப் போடுங்கள். பெரியவர்கள் யாராவது வந்தால் அவர்களுக்கு மட்டும் போங்கள்.

இடத்துக்கு வண்ணார்பேட்டைதான் நடுநாயகம். ஜங்ஷனிலிருந்து சுலோச்சன முதலியார் பாலம் தாண்டினால் வந்துவிடும், பாளையங்கோட்டைக்காரருக்கும் பக்கம். ஹோட்டலில் தனி அறை கேட்கும்போது நாலு விஷயம் பேசுங்கள்: குறைந்தபட்சம் எத்தனை சாப்பாட்டுக்குப் பணம் வாங்குவார்கள், எத்தனை மணி வரை உட்காரலாம், ஏ.சி.க்குத் தனிக் கட்டணமா, ஆள் எண்ணிக்கையை எப்போது வரை மாற்றலாம். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எழுப்பிவிடும் இடமென்றால், இரண்டரைக்கு மேல் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போய்விடுங்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அதுவே பிடித்துப்போகும். மரத்தடியில் உட்காரவும் இடமுண்டு.

ஆள் எண்ணிக்கைதான் உங்களுக்கு நட்டம் வைக்கும். 'கண்டிப்பா வரேன்' என்பதை எண்ணாதீர்கள். இரு பக்க டிக்கெட்டும் எடுத்தவரை மட்டும் எண்ணுங்கள். பணத்தைச் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே வசூலித்துவிடுங்கள், கணக்கைக் குழுவிலேயே போடுங்கள். அந்தப் பாலத்தை 1843-இல் முதலியார் வசூலே செய்யாமல் சொந்தப் பணத்தில் கட்டினார். உங்களுக்கு அந்த அவசியம் இல்லை.

கேள்வி: என் டிக்கெட் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. கடைசி நேரத்தில் வராமல் போகும் நண்பரின் இடத்தில் நான் போகலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. தனி ஆளின் உறுதியான டிக்கெட்டில் பெயர் மாற்ற ரயில்வே ஒத்துக்கொள்வது தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவிக்கு மட்டும்தான். அதுவும் வண்டி கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பு, அடையாளச் சான்றோடு கவுன்ட்டருக்குப் போய் எழுதிக் கொடுத்து. குழு நண்பர் எவ்வளவு நெருக்கமானாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்தவர் பெயரில் ஏறினால் டிக்கெட் இல்லாதவராகத்தான் நடத்துவார்கள்.

இணையத்தில் எடுத்த டிக்கெட், பயணிகள் பட்டியல் தயாரான பிறகும் முழுக்கக் காத்திருப்பிலேயே இருந்தால் தானே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதோடு வண்டி ஏற முடியாது. கவுன்ட்டரில் எடுத்த காத்திருப்பு டிக்கெட்டோடு பொதுப்பெட்டியில் மட்டும் போகலாம். ஆர்.ஏ.சி. வந்திருந்தால் தைரியமாக ஏறுங்கள், பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்தாவது வந்துவிடலாம்.

காத்திருப்பு எண் மட்டும் பார்த்து நம்பாதீர்கள், அதற்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். ஜி.என்.டபிள்யூ.எல். (பொதுக் காத்திருப்பு) என்றால் நகர வாய்ப்பு அதிகம். பி.கியூ.டபிள்யூ.எல். (இடைப்பட்ட ஊர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒதுக்கீட்டுக் காத்திருப்பு) என்றால் ஒதுக்கீடே சிறியது, பத்தாம் எண்கூட அப்படியே நின்றுவிடும். வண்டி கிளம்பும் ஊரிலிருந்து கடைசி ஊர்வரை எடுத்தால் பெரும்பாலும் முதல் வகையே வரும். திரும்பும்போது நெல்லையிலிருந்தே கிளம்பும் வண்டியைத் தேடச் சொல்வது இதனால்தான்.

தட்கல் முந்தின நாள், ஏ.சி. வகுப்புக்குக் காலை 10, மற்றதற்கு 11 மணி. ஒரு டிக்கெட்டில் நாலு பேர்தான், சாதாரண முன்பதிவில் ஆறு. உறுதியான தட்கலை ரத்து செய்தால் பைசா திரும்பாது.

கேள்வி: எனக்கு 23 வயது. ஓவியக் குழு நண்பர்களை முதல்முறையாக நேரில் பார்க்கப் போகிறேன். அம்மா தயங்குகிறார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?
— வாசகி, விருதுநகர்

பதில்: அம்மாவுடைய தயக்கம் சரியானது. சமாதானம் சொல்வதை விட ஏற்பாட்டைக் காட்டுங்கள். பகலில் தொடங்கிப் பகலிலேயே முடியும் சந்திப்பு, ஆட்கள் நடமாடும் இடம், விருதுநகருக்கு அன்று மாலையே திரும்பும் வண்டி. நெல்லையில் இறங்கிச் சந்திக்கும் இடத்துக்கு நீங்களே போய் வருவீர்கள், யாருடைய வண்டியிலும் ஏற மாட்டீர்கள். குழுவில் இன்னொரு பெண்ணோடு முன்பே காணொளியில் பேசி, அவரும் அம்மாவும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும். இல்லையென்றால் அம்மாவையே கூட்டிப் போங்கள். அவர் கோயிலுக்குப் போய்விட்டு வரும்வரை நீங்கள் பேசிக்கொண்டிருக்கலாம். ஆட்சேபம் சொல்கிற குழுவென்றால் அந்தக் குழுவுக்கே போக வேண்டாம்.

டிக்கெட் படத்தைக் குழுவில் போடாதீர்கள். பி.என்.ஆர். எண் இருந்தால் உங்கள் பெட்டி, படுக்கை எண் யாருக்கும் தெரிந்துவிடும். வண்டியின் பெயரும் வரும் நேரமும் போதும். முழு விவரமும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். ரயிலில் தொந்தரவு என்றால் 139, வெளியில் 112. இடத்தைக் கடைசி நேரத்தில் 'நம்ம ரூமுக்கு மாத்திட்டோம்' என்று சொன்னால் அடுத்த வண்டிக்கு ஊர் திரும்பிவிடுங்கள், விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: எந்த மாதம் வைப்பது நல்லது? சந்திப்போடு பாபநாசமும் போய்வர முடியுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். வெயில் இன்னும் ஏறியிருக்காது, மழை ஓய்ந்திருக்கும், பொங்கல் கூட்டமும் போயிருக்கும். ஆனி மாதத் தேரோட்டத்தின்போது டவுன் பக்கம் கூடுவது வீண்வேலை. ஐப்பசியில் சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் வண்டிகளில் கால்வைக்க இடமிருக்காது. குற்றாலச் சீசனில் தென்காசிப் பாதையும் அப்படியே.

நவம்பர், டிசம்பரில் வைத்தே ஆகணும் என்றால் மாற்றுத் தேதியோடு வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டு, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றுபோனது. அந்த மாதங்களில் முன்பணம் திரும்பக் கிடைக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள்.

பாபநாசத்தை அதே நாளில் நுழைக்காதீர்கள். செங்கோட்டை வண்டியில் அம்பாசமுத்திரம் இறங்கி, அங்கிருந்து பேருந்து. போகவர அரைநாள் தாண்டும். ஞாயிறு தங்குகிறவர்கள் மட்டும் காலையில் போய்வரட்டும். அகஸ்தியர் அருவிக்கு வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு. மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி முன்பே வேண்டும், பதினாலு பேராக வாசலில் போய்க் கேட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

கேள்வி: அல்வா வாங்க எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டுமா?
— வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். கீழ ரதவீதியில் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். மற்றவர்கள் கோயிலில் இருக்கும்போது இரண்டு பேர் போய் நிற்கட்டும். ஆளுக்கு எத்தனை கிலோ என்று மதியச் சாப்பாட்டின்போதே எழுதி வாங்கி, பணத்தையும் வாங்கிவிடுங்கள். நேரம் போய்விட்டால் ஜங்ஷன் பக்கமே கடைகள் இருக்கின்றன, வண்டிக்கு முன் வாங்கிவிடலாம். சூடாகக் கட்டியதை உடனே பைக்குள் திணிக்காதீர்கள். நெய் கசிந்து துணியெல்லாம் பாழ். மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.