நாவூவில் ஊழியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற தம்பதி நாங்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து (மார்மன் சபை என்பார்கள்), அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் இருக்கும் நாவூ வரலாற்றுத் தலத்தில் 12 மாத ஊழியத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. புறப்படுமுன் எதை முடிக்க வேண்டும்?

பதில்: பெட்டி கட்டுவதற்கு முன் விசா. சுற்றுலா விசாவில் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊழியத்துக்குப் பொருந்தும் விசா வகைகள் பி-1, ஆர்-1 என்று உண்டு. உங்களுக்கு எது என்பதைச் சபை அலுவலகம் சொன்ன பிறகே விண்ணப்பியுங்கள்.

சம்பளம் கிடையாது. வீட்டுச் செலவு, சாப்பாடு, காப்பீடு எல்லாம் கைக்காசுதான். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கும் காப்பீடு பணம் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவர் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும். நம் ஊர் வணிகப்பெயர் அங்கே செல்லாது. 3 மாதத்துக்கு மேற்பட்ட மருந்தைக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் கேள்வி வரலாம்.

தலத்தில், சபையார் அங்கே குடியிருந்த 1840-களின் உடை அணிவீர்கள். செருப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மணிக்கணக்காக நின்றால் பாதம் வீங்கும். அரை அளவு பெரிதாக, தட்டையாக, இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். மரப்படியில் ஏறும்போது நீளப் பாவாடையின் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடிக்கப் பழகுங்கள். குளிர்காலத்தில் தண்ணீர் உறையும், பனிக்கட்டியில் வழுக்காத அடிப்பகுதி உள்ள காலணி தனியாக வேண்டும்.

கேள்வி: கயிறு திரித்துக் காட்டும் வேலை கிடைக்கலாம் என்கிறார்கள். கைப்பழக்கமே இல்லையே?

பதில்: இரண்டு வாரத்தில் வந்துவிடும். ஒரு முனையில் கைப்பிடியோடு மூன்று கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு புரி. மறுமுனையில் மூன்றும் ஒரே கொக்கியில் சேரும். முறுக்கேற ஏற நீளம் குறையும். அதனால் மறுமுனையைப் பிடித்திருப்பவர் விட்டுக்கொடுத்தபடி மெல்ல முன்னால் வர வேண்டும், ஆனால் தொய்யவிடக் கூடாது. தொய்ந்தால் புரி தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு முண்டு முண்டாக நிற்கும். அதை நீவி எடுக்க முடியாது, பிரித்து முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். விறைப்பாகப் பிடித்தால் இழை அறும். மூன்று பள்ளம் வெட்டிய கட்டை புரிகளைப் பிரித்து வைக்கிறது. அது நகர நகர, அதன் பின்னால் புரிகள் எதிர்த்திசையில் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். இந்த எதிர்முறுக்குதான் கயிற்றைப் பிரியாமல் காக்கிறது. பார்வையாளரிடம் இதை மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும். முனைகளை நூலால் இறுக்கிக் கட்டுமுன் கொக்கியிலிருந்து கழற்றாதீர்கள். குழந்தைகள் கைப்பிடி சுற்றும்போது தலைமுடியும் தொப்பி நாடாவும் கொக்கிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை.

கேள்வி: சங்கடமான கேள்வி வந்தால்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: கயிறு திரிப்பது கையோடு நிற்கட்டும், வாயால் வேண்டாம். எது அசல், எது திரும்பக் கட்டியது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். மேட்டில் நிற்கும் ஆலயம் 2002-இல் பிரதிஷ்டையானது. பழையது 1848-இல் தீக்கிரையாகி, 1850-இல் சூறாவளியில் சுவர்களையும் இழந்தது. ‘இந்தப் படியில்தான் அவர்கள் ஏறினார்கள்’ என்று அங்கே நின்று சொன்னால், விவரம் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் சிரிப்பார். பழைய குறிப்பேடுகளையும் நம்பாதீர்கள். செங்கல்லால் கட்டிய பழைய கடை, மாளிகை வீடு போன்ற கட்டடங்கள் கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட் என்ற வேறொரு சபையிடமிருந்து 2024 மார்ச்சில்தான் உங்கள் சபைக்குக் கைமாறின. அதற்கு முன் எழுதிய உரையில் உரிமையாளர் பெயர் வேறாக இருக்கும்.

சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் பலதார மணம், 1844 ஜூனில் அவரை விமர்சித்த பத்திரிகையின் அச்சகம் நொறுக்கப்பட்டது, அதே மாதம் 27-ஆம் தேதி கார்த்தேஜ் சிறையில் அவர் கொல்லப்பட்டது ஆகியவற்றை யாராவது கட்டாயம் கேட்பார்கள். மழுப்பினால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். பலதார மணத்தைப் பற்றிச் சபையே கட்டுரை வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் போங்கள். வேறு சபையார், சபையே இல்லாதவர், அங்கே வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் எல்லாரும் ஒரே குழுவில் வருவார்கள். ‘நம்முடைய மக்கள்’ என்று பேசாமல் ‘இங்கே குடியேறியவர்கள்’ என்று பேசுவதே நல்லது.

கேள்வி: என் ஆங்கில உச்சரிப்பு புரியுமா?

பதில்: புரியும், ஆண்டுகளில் மட்டும் கவனம். ‘ஃபார்ட்டி’யும் ‘ஃபோர்ட்டீ’னும் நம் வாயில் ஒன்றுபோல் வந்துவிடும், முன்னதில் முதல் அசையை அழுத்துங்கள், பின்னதில் கடைசி அசையை. அப்படியும் சந்தேகமானால் 1839 (சபையார் நாவூவுக்கு வந்த ஆண்டு), 1846 (வெளியேறிய ஆண்டு) இரண்டையும் அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டிவிடுங்கள். ஊர்ப்பெயரில் அழுத்தம் ‘வூ’வில்.