அபராதத்துக்கு மேல் அபராதம்: தவணையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: கடலூர் லாரன்ஸ் ரோட்டில் என் கணவர் துணிக்கடை நடத்துகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் வங்கியில் 15% வட்டிக்கு ரூ.6 லட்சம் கடன் வாங்கினோம். 5 ஆண்டு, தவணை ரூ.14,274. வியாபாரம் பாதியாகிவிட்டது. கடைசி இரண்டு தவணை கட்டவில்லை. சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் இன்னொரு வங்கி, ஒரே மாதத்தில் மூன்று முறை ரூ.590 பிடித்துக்கொண்டது. இரவு 9 மணிக்கு வசூல்காரர்கள் கடை வாசலில் நின்று கத்துகிறார்கள். தெருவில் பலருக்கும் இதே நிலைமை. எல்லாரும் சேர்ந்து தவணையை நிறுத்தி, டெபாசிட்டையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள். நாங்களும் சேரலாமா?

பதில்: தவணையை நிறுத்துவதில் சேராதீர்கள் அம்மா. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இப்போது உங்களுக்கு முக்கியம் 90 என்ற எண். முதல் தவணை தவறிய நாளிலிருந்து 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதன்பிறகு ஒரு தவணை கட்டினால் பழைய நிலைக்குத் திரும்பாது. நிலுவை முழுவதையும் கட்டியாக வேண்டும். 90 நாளுக்குள் ஒரே ஒரு முழுத் தவணை கட்டினாலும் மிகப் பழைய பாக்கி தீர்ந்து, நாள் கணக்கு அடுத்த தவணையிலிருந்து ஓடும். நகையை அடகு வைத்தாவது அந்த ஒன்றைக் கட்டுங்கள். டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டி குறையும். நட்டம் வங்கிக்கல்ல, உங்கள் தெருவுக்கு.

அந்த ரூ.590 ஏன் மூன்று முறை? ஆட்டோ டெபிட் (கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் கோரிக்கை) ஒரு முறை பணமில்லாமல் திரும்பினால், கடன் கொடுத்த வங்கி அதே மாதம் மீண்டும் அனுப்பும். திரும்பும் ஒவ்வொரு முறையும் உங்கள் சேமிப்பு வங்கி ரூ.590 பிடித்துக்கொள்கிறது. கணக்கில் ரூ.10,000 இருந்தாலும் பகுதியாக எடுக்காது, முழுதாகத் திரும்பும். ஆகவே எந்தத் தேதியில் கட்டுவீர்கள் என்று குறிப்பிட்டு, அதுவரை மறுபடி அனுப்ப வேண்டாம் என்று கடன் கொடுத்த வங்கிக் கிளைக்கு மெயில் போடுங்கள். பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்புவது, செக் திரும்புவதைப் போலவே, வழக்குக்கு இடம் தரும். இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

பிறகு கடன் ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பாருங்கள். 'அபராத வட்டி' என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி அபராதக் கட்டணம் மட்டுமே வாங்கலாம். அதை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. அந்த அபராதத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. இந்த இரண்டிலும் தவறு இருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

கொரோனாவில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கிடைத்ததைப் போன்ற பொதுவான தவணைத் தள்ளிவைப்பு இப்போது இல்லை. தனியாக மறுசீரமைப்பு கேட்கலாம். உங்களுக்கு அசல் பாக்கி ஏறக்குறைய ரூ.4.12 லட்சம் இருக்கும். மீதி 36 மாதத்தை 54 ஆக்கினால் தவணை சுமார் ரூ.10,530 ஆகும். விலையும் உண்டு: மொத்த வட்டி சுமார் ரூ.55,000 கூடும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும். கடை மீண்டும் எழும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் இதற்குப் போங்கள். ஆறு மாத விற்பனைக் கணக்கும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் இல்லாமல் கேட்டால் மேனேஜர் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டுவதும், ஊர் பார்க்க அவமானப்படுத்துவதும் கூடவே கூடாது. வந்த தேதி, நேரம், கடைக் கேமரா பதிவு ஆகியவற்றோடு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். வங்கிக்கு முதலில் எழுதாமல் நேராகப் போனால் தள்ளுபடி ஆகும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

தெருவே சேர்ந்து ஒன்று செய்ய விரும்பினால், ஒவ்வொருவரும் தன் ஸ்டேட்மென்ட் நகலை இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ஒரு பிரதி, மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கு.